பரவாயில்லை என்ற பதில்

வியாழக்கிழமை மதியம் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு ஆள் வந்தது. டாக்டர் தரணேந்திரன் போய்விட்டார் என்று அவருடைய மகன் சொல்லி அனுப்பியிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, தாம் வேலை பார்த்த காஞ்சிபுரம் மருத்துவமனையிலேயே படுத்திருந்தார். அதே முறிவோடு வந்தவர்களின் வலியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் அவர்.

அறுபதுகளில் அங்கே மயக்க மருந்து கொடுப்பவர் அவர்தான். இடுப்பு முறிந்தவர்களின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்த காலம். வலி தெரியாமலிருக்க இரண்டு வகையில் மரப்பு ஊசி போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வகையில் தொடை மடிப்பு நரம்புக்கு மட்டும் மருந்து. மற்றதில் தொடையின் உட்பக்க நரம்புக்கும் சேர்த்து. அதைப் பற்றி எழுதப் போனேன். "மடிப்புல போடுற ஊசியே போதும்போல இருக்குதுபா. எல்லாரும் வலி விட்டுடுச்சுன்றாங்க" என்றார்.

அன்று வார்டில் ஓரிக்கை கிராமத்து முனியம்மா இருந்தார். நடவுக்குப் போன இடத்தில் வரப்பில் விழுந்தவர். ஊசி போட்டுச் சற்று நேரம் கழித்து டாக்டர் கேட்டார்: "எப்படிமா இருக்குது?"

"பரவால்லீங்க சாமி."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது நர்ஸ் துணி மாற்றுவதற்காக முனியம்மாவைப் புரட்டினார். முனியம்மா கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையில் விரல்கள் வெளுத்துவிட்டன.

"வலிக்குதாமா?" என்றார் டாக்டர்.

"உயிர் போவுதுங்க."

"அப்பறம் ஏன் பரவாயில்லன்னே?"

"இவ்ளோ நேரம் குனிஞ்சு நின்னு ஊசி போட்டீங்க. மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க சொல்றது?"

தரணேந்திரன் சமணக் குடும்பத்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். அன்று விளக்கேற்றிய பிறகும் வார்டிலேயே நின்றார். அப்படியென்றால் அன்று சாப்பிடவில்லை. "இதுக்கு முன்னாடி எத்தனை பேர் எனக்காகப் பரவாயில்லன்னு சொன்னாங்களோ" என்றார்.

அதுவரை பார்த்ததையெல்லாம் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். வாய்ப் பதிலை நம்புவதை நிறுத்தினார், புரட்டும்போது கையைப் பார்த்தார். பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் புதிதாக வந்த பக்கத்துக் கட்டில்காரரை எச்சரித்தார்: "பரவால்லன்னு மட்டும் சொல்லிடாத நைனா. இன்னொரு ஊசி குத்திடுவாரு."

சில மாதம் கழித்து முடிவைக் கேட்டேன். "படுத்திருக்கும்போது ரெண்டும் ஒண்ணுதான். புரட்டும்போதுதான் தெரியுது. ரெண்டு நரம்புக்கும் போடுறதுதான் தாங்குது" என்றார். சொன்ன முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முனியம்மா அதற்குள் இறந்திருந்தார். அந்தக் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் டாக்டரின் நடை சற்றே நிற்கும். பிறகு அதில் யார் படுத்திருந்தாலும் அப்படித்தான்.

இந்த வாரத் தொடக்கத்தில் அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவரிடம் தொழில் பழகிய இளம் டாக்டர் அப்போதுதான் ஊசி போட்டு நிமிர்ந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்படி சார் இருக்குது?"

"பரவாயில்லப்பா."

இளைஞரின் முகம் தெளிந்தது. நான் கட்டில் கம்பியைப் பார்த்தேன். தரணேந்திரனின் விரல்கள் வெளுத்திருந்தன. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்; கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒருமுறை புரட்டிப் பாருங்க டாக்டர்" என்றேன். புரட்டிப் பார்த்த இளைஞர் மறுபடி மருந்தை எடுத்தார். வெகுநேரத்துக்குப் பின் அந்த விரல்கள் தளர்ந்தன.

நான் வந்துவிட்டேன். அதன்பின் யார் யார் கேட்டார்களோ, எத்தனை பேரிடம் அதே பதிலைச் சொன்னாரோ.

நேற்று துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மகனிடம், எப்படி இருக்கிறீர்கள் என்றேன். "பரவாயில்ல சார்" என்றார். நான் அவர் கையைப் பார்த்தேன். தரணேந்திரனிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பார்வைதான். மகனின் விரல்கள் நாற்காலியின் விளிம்பைப் பற்றியிருந்தன. கிளம்ப எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.