வின்டர்ஸ் துரையின் வெள்ளைக் கோட்டு

பரமநாதன் நல்ல கிளார்க். அதாவது, யாரையும் மன்னிக்காதவர். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாதவர்.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் அவருக்கு வேலை. முதலாளி வின்டர்ஸ் துரை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை துரை சொன்னார்: "நாளைக்கு வழக்கம்போல ஆபீசைத் திற. டோபியிடம் என் வெள்ளைக் கோட்டு இருக்கிறது, வாங்கி வை." அன்றிரவே தீவிலிருந்த வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் கப்பலேறிவிட்டார்கள். துரையின் நாய்க்கும் இடம் கிடைத்தது. மறுநாள் பரமநாதன் வழக்கம்போல ஆபீசைத் திறந்தார். கோட்டையும் வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு ஆசைகள். வெள்ளைக்காரன் திரும்பி வரவேண்டும். வந்தவன் தலைகுனிய வேண்டும். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வராதவனை எப்படித் தலைகுனிய வைப்பது?

கோட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதை நீட்டும்போது சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது: 'ஐயா, தங்கள் கோட்டுக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை.' ஊரில் துணியே இல்லாமல் போன பிறகு, ரவிக்கை தைக்க அதைக் கேட்டுப் பார்த்தாள் மனைவி ஞானாம்பிகை. "அது துணியில்லை, சாட்சி" என்றுவிட்டார்.

அவரிடம் இன்னொரு பொருளும் இருந்தது: வெளிநாட்டுச் செய்தி எடுக்கும் ரேடியோ. தீவைப் பிடித்துக்கொண்ட ஜப்பான்காரனின் ராணுவப் போலீசான கெம்பித்தாயிடம் அகப்பட்டால் தலை தப்பாது. அதைத் தையல் மிஷினுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். அவர் காதை வைத்துக் கேட்கும்போது ஞானாம்பிகை வெறும் மிஷினை மிதிப்பாள். அந்தக் கடகட சத்தத்தில் லண்டன் மறைந்துவிடும்.

1945 ஜூலையில் இங்கிலாந்தில் தேர்தல் முடிவு வந்தது. லண்டனில் காலை, தோக்கியோ மணிக்குத் திருப்பி வைத்த பினாங்குக் கடிகாரங்களில் மாலை. வின்டர்ஸ் துரையின் அண்ணன் ஹெதர்பி என்ற தொகுதியின் எம்.பி. அவர் படம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தது. "எங்கள் குடும்பத்திடமிருந்து ஹெதர்பியை எவனும் பறிக்க முடியாது" என்று துரை அடிக்கடி சொல்வார். பரமநாதனுக்கு உலகத்தில் வேறு எந்தத் தொகுதியும் வேண்டியிருக்கவில்லை.

ரேடியோ ஊர்ப் பெயர்களாக உதிர்த்தது. முக்கால்வாசிப் பெயர்களுக்குப் பின்னால் ஒரே பாட்டு: "லேபர் கெயின்."

"லேபர் எண்டால் கூலியாக்களோ?" ஞானாம்பிகை மிதித்தபடியே கேட்டாள்.

"கட்சி. தொழிலாளர் கட்சி."

"அப்ப கெயின்?"

"மற்றவன்ரை இடத்தைப் பறிச்சிட்டான் எண்டு அர்த்தம்."

"ஜெர்மன்காரனோடை சண்டையில வெண்டு குடுத்த பிரதமரை ஏனப்பா சனம் கலைக்குது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ஆனால் நல்லாயிருக்கு. மிதியும், நிப்பாட்டாதையும்!"

"ஹெதர்பி" என்றது ரேடியோ. உடனே கரகரத்தது. சற்று நேரத்தில் மறுபடி வாசிப்போம் என்றது. அதே நேரம் கதவு தட்டப்பட்டது.

அடுத்த வீட்டு ஹமீதா. கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். பிள்ளைகளுக்குச் சாக்குதான் உடுப்பு. மிஷினை விட்டு ஞானாம்பிகை எழுந்ததும் வீடு நிசப்தமாகிவிட்டது. பரமநாதன் ரேடியோவை அடக்கி, மேலே தலையணையைப் போட்டார்.

"அக்கா, தினம் மிஷின் ஓட்டுறீங்க, இன்னிக்கு உள்ளே கைன் கைன்னு சத்தம் வேற. கைன் வந்திருக்கா லா?"

மலாய் மொழியில் கைன் என்றால் துணி. லண்டனின் வெற்றி சுவரைத் தாண்டுவதற்குள் ஜவுளியாகிவிட்டிருந்தது.

"இல்லை பிள்ளை, பழசைத்தான் தைக்கிறன்."

"எங்கிட்ட மறைக்கிறீங்களே! பசார்ல மூச்சு விடமாட்டேன், அக்கா. பிள்ளைங்களுக்கு ஒரு முழம் போதும்."

மூச்சு விடமாட்டேன் என்பவர்கள் எவ்வளவு விடுவார்கள் என்று பரமநாதனுக்குத் தெரியும். துணி பதுக்கியதாகச் சோதனை வந்தால் ரேடியோ அகப்படும். ஆனால், உண்மையைச் சொன்னால், அந்த நேரம் அவர் தன் தலையைப் பற்றி யோசிக்கவில்லை. தலையணைக்கடியில் ஹெதர்பி போய்க்கொண்டிருந்தது. டிரங்கைத் திறந்து, கோட்டை எடுத்து, ஹமீதாவின் கையில் திணித்தார்.

"இந்தாம்மா கைன். இருந்தது இவ்வளவுதான். போய் வா."

"அல்லாவே! துரைமார் துணிண்ணே இது!"

"இனி இல்லை."

கதவைச் சாத்தியாயிற்று. மிஷின் ஓடியது. தலையணையைத் தூக்கியபோது ரேடியோ தெளிவாகச் சொன்னது: "ஹெதர்பி. லேபர் கெயின்."

பரமநாதன் சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"துரை வந்து கோட்டைக் கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றாள் ஞானாம்பிகை.

சிரிப்பு நின்றது. மூன்றரை வருஷமாகச் செதுக்கிய வாக்கியம் கோட்டோடு போயிருந்தது.

செப்டம்பரில் வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். வின்டர்ஸ் துரையும் வந்தார், ராணுவ உடுப்பில், நாயில்லாமல். ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் படம் இருந்த இடத்தில் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பரமநாதன். என் வெள்ளைக் கோட்டு என்னவாயிற்று?"

வெளியே, கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், துறைமுகத்தில் அப்பனுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்த ஹமீதாவின் இரண்டு பையன்களும் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் வெள்ளை டிரில் துணியில் கால்சட்டை. அதே கோட்டின் பித்தான்கள்.

பரமநாதன் அவர்களைக் காட்டினார்.

"லேபர் கெயின், சார்" என்றார் மிகுந்த மரியாதையுடன். "ஹெதர்பியைப் போலவே."

துரையின் முகம் மெல்லச் சிவந்தது. பரமநாதன் அதை அவசரப்படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு வழக்கம்போல ஆபீஸ் ஜன்னல்களைத் திறக்கப் போனார்.