உரப்பையில் வந்த நாய்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் இப்போது சரியில்லை. தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த கேத்தல் வற்றிக் கருகி நாறும்போதுதான் வைத்ததே நினைவு வருகிறது. அதனால் முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதாகிவிட்டது என்று தோட்டத்தில் என் பேரை வெட்டி எத்தனையோ வருசமாகிவிட்டது. இருந்தாலும் கொழுந்து அதிகமாக இருக்கும் நாட்களில் என்னைப் போன்ற கிழவிகளையும் கூப்பிடுவார்கள். அப்படித்தான் அன்றைக்கும் ஆறாம் நம்பர் மலையில் நின்றேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ரோட்டு ஓரத்து நிரை எனக்கு. பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஓர் உரப்பை கிடந்தது. வாயைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பை அசைந்தது.

"பாம்பா இருக்கும், அவுக்காதீங்க" என்றாள் பக்கத்து நிரைக்காரி.

"பாம்பப் புடிச்சுப் பையில கட்ட எவனுக்குடி நேரமிருக்கு" என்றாள் இன்னொருத்தி.

நான் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே ஒரு பெட்டை நாய். ஒரு வயது இருக்கலாம். உடம்பு முழுக்கச் சொறி. கழுத்தைச் சுற்றி முடியே இல்லை, சங்கிலி அறுத்த தழும்பு மட்டும். வெளியே வராமல் பையின் மூலைக்குள் இன்னும் ஒண்டிக்கொண்டது. கை நீட்டினேன், கடிக்க வந்தது.

கங்காணி மேலே நின்றபடி கத்தினார். "பாட்டி, கொழுந்து எடுக்க வந்தீங்களா, நாய் எடுக்க வந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாயோடு சேர்த்துப் பையை மறுபடி சுருட்டி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடிக்கிற நாயை வேறு எப்படிக் கொண்டுவருவது?

நான் தனி ஆள். என் புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் குடும்பமாக இருக்கிறான். லயத்து வரிசை வீட்டில் என் அறைக்கு அடுத்த காம்பராவில் இருப்பது என் நாத்தனார், அவருடைய தங்கச்சி. அவளுக்குப் புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. முழங்கால் வலி என்று வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் மீதி விளங்காது. என் புருசன் வேலை விட்டு வந்தால் முதல் தேத்தண்ணியை அவள் கையால்தான் குடிப்பார். மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது அவள் தூக்கினால்தான் அழுகையை நிறுத்துவான். இன்றைக்கும் அவளுடைய போனுக்குத்தான் எடுப்பான். "இந்தாங்க அண்ணி, தம்பி பேசுது" என்று அவள் கொண்டுவந்து கொடுக்கும்போது போன் சூடாக இருக்கும். அவ்வளவு நேரம் பேசியிருப்பார்கள். நான் ஒன்றும் கேட்டதில்லை. நாற்பது வருசமாக விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதனால் இந்த நாயாவது எனக்கென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாசலோரம் விறகு அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கீழே பழைய கம்பளியை விரித்துப் படுக்க வைத்தேன். மஞ்சள் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து, நீளக் கம்பில் துணியைச் சுற்றி எட்ட நின்று பூசினேன். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுப்பேன். பின்னேரம் வந்ததும் சோறு. தட்டை வைத்துவிட்டு நான் விலகிப் போனால்தான் சாப்பிடும். பக்கத்தில் நின்றால் விறகுக்குள் புகுந்து நடுங்கும். சில நாள் மூத்திரமே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் கிட்ட வரும். அன்றைக்குத்தான் கருவாடு சமைப்பேன், அந்த வாசத்துக்கு என்று நினைத்தேன்.

ஒரு நாள் மலையிலிருந்து வருகிறேன், என் நாத்தனார் வாசல் படியில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் காலடியில் என் நாய். மல்லாந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு.

"வந்துட்டீங்களா அண்ணி? பாருங்களேன், எப்புடித் தூங்குறாங்கன்னு."

"நாயப் போயி 'தூங்குறாங்க'ன்னு மரியாதையா சொல்ற?"

"ஒதபட்ட சீவன். மரியாதையாக் கூப்புட்டா நமக்கு என்ன கொறஞ்சா போயிரும்?"

என் குரலைக் கேட்டதும் அது எழுந்தது. என்னைப் பார்த்தது. வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு அவள் காம்பராவுக்குள் ஓடிவிட்டது. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அன்றைக்கு எனக்கு உண்மையாகவே நெஞ்சுக்குக் கீழே எரிந்தது. சோடா வாங்கிக் குடித்தேன். ஏப்பம் வந்ததே தவிர எரிச்சல் போகவில்லை.

அதன் பிறகு கருவாட்டை எண்ணெயில் பொரித்துக் கொடுத்தேன். கடையில் பிஸ்கட் வாங்கினேன். நல்லதை எல்லாம் என்னிடம் தின்றுவிட்டு, படுக்க அங்கே போகும். அவள் கொடுப்பதோ பழைய சோறு. என்ன மாயம் செய்கிறாள் என்று கதவிடுக்கு வழியாகக்கூடப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பிறகு நாய்களுக்கு விசர் பிடிக்காமல் ஊசி போட ஆட்கள் லயத்துக்கு வந்தார்கள். மலையிலிருந்து வந்த கோலத்திலேயே நான் அருகே போனதும் நாய் கூரைத் தகரம் அதிரக் கத்தியது. அவள் வந்து குனிந்து தூக்கினாள். தலையை அவள் தோளில் வைத்துக்கொண்டு ஊசி வாங்கிக்கொண்டது. யாருடைய நாய் என்று ஊசிக்காரர் சிங்களத்தில் கேட்டார். என்னுடையது என்று சொல்ல எனக்கும் சிங்களம் தெரியும். முன்றானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். அந்த வெட்கத்தை என்ன செய்வது? லயத்து ஆட்கள் அவளைக் கை காட்டினார்கள். ஊசிக் கார்டில் அவள் பெயரை எழுதிவிட்டார்.

அன்றைக்கே நாயை இழுத்துவந்து என் வாசல் தூணில் கட்டினேன். கயிறு கழுத்துத் தழும்பில் பட்டது தெரியும். தெரிந்துதான் கட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டு நாள் அது சாப்பிடவில்லை. கத்தவும் இல்லை. மூன்றாம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்டு, ரொட்டித் தட்டோடு அதன் முன்னால் நின்றேன். நாய் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிறு இறுகி நாக்கு வெளியே தள்ளிவிட்டது. நாத்தனார் ஓடிவந்து கயிற்றை அறுத்தாள். நாயைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அதுக்கு ஒங்க மேல பயமில்ல. ஒங்க இடுப்புல கட்டியிருக்கீங்களே, அதுக்குத்தான் பயம். அது வந்த பைய அதுக்கு முன்னாலயே கட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

குனிந்து பார்த்தேன். என் படங்கு. தேயிலைச் செடி கிழிக்காமலும் மழை நனைக்காமலும் இடுப்பில் சுற்றிக்கொள்வோமே, அது. என் பழைய படங்கு பிய்ந்துபோயிருந்தது. நாயைக் கொண்டுவந்த உரப்பை புதுப் பை, கனமானது. நல்ல பையை யார் வீசுவார்கள்? இரண்டு தண்ணியில் அலசி, பக்கத்தை வெட்டி, கயிறு கோத்து நானேதான் தைத்துக்கொண்டேன். காலையில் அதைக் கட்டிக்கொண்டு ரொட்டி கொடுத்தேன். பின்னேரம் அதோடுதான் சோறு வைத்தேன். கழற்றினால் கதவு ஆணியில் மாட்டுவேன். ஒவ்வோர் அடிக்கும் சரசரவென்று அந்தச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, படங்கும் இல்லை. கருவாடு காரணமில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒரு மாசமிருக்கும்."

"ஒரு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவள் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் ஒங்களுக்கு. தம்பியும் ஒங்க புள்ளதான். தேத்தண்ணி குடிச்சிட்டு, பேசிட்டு, எல்லாரும் ஒங்க வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாங்க. ஒண்ணாவது எங்கிட்டயே படுக்கட்டுமேன்னு இருந்துட்டேன்."

அவளுக்கும் எரிந்திருக்கிறது, அதுவும் என்னைப் பார்த்து என்று அந்த நிமிசம் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். மலையில் அன்றைக்கு நான் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தது.

அந்தப் பையைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் போட்டுவிட்டேன். பிய்ந்த படங்கையே ஒட்டுப்போட்டுக் கட்டினேன். அதையும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கழற்றிச் சுருட்டிக் கூடைக்குள் அமுக்கிவிட்டுத்தான் லயத்துக்கு ஏறுவேன். நாயைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். நாத்தனாரிடம் பார்த்ததுதான், அவளிடம் கேட்கவில்லை.

எத்தனை நாள் அப்படி உட்கார்ந்தேன் என்று சரியாக நினைவில்லை. ஒரு பின்னேரம் குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் திரும்பவில்லை. வெங்காயத்தையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயமும் இருந்தது, நல்லவேளை.

இப்போது என் கையில் சாப்பிடுகிறது. கழுத்தைத் தடவ விடுகிறது. ஆனால் படுப்பது இன்னமும் அவள் காம்பராவில்தான். கார்டிலும் அவள் பெயர்தான். காலையில் கதவைத் திறந்து, அது அங்கேயிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தால் இன்றைக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. முன்போல் சோடா தேவைப்படுவதில்லை.

நான் எழுதியதில் பிழை இருக்கும். பையின் வாயைக் கட்டியது கயிறா கம்பியா, கட்டிப்போட்டது இரண்டு நாளா மூன்று நாளா, எனக்கு நிச்சயமில்லை. இதை வாசிக்கிறவர்கள் யாராவது அடுத்த காம்பராவுக்குக் கொண்டுபோய் என் நாத்தனாரிடம் கொடுத்துச் சரிபார்த்துத் தாருங்கள். அவள் எட்டாவது வரை படித்தவள், என்னைவிட மூன்று வகுப்புக் கூட. முழுவதையும் வாசிக்கட்டும், தேத்தண்ணியும் போனும் வருகிற இடத்தையும் விடாமல். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.