ஒரு வாய் களி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மாணவி தங்கிப் படிக்க வந்தாள். சொந்த நாடு எத்தியோப்பியா. கீழே ஒரு கல்லூரியில் விவசாய மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் மலையில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் பற்றி ஆராய்ச்சி செய்ய இரண்டு மாதம் இங்கே இருக்க வேண்டுமாம். சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாமென்று குளியலறையோடு ஓர் அறை கட்டிப் போட்டிருந்தோம். தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தேடிய அவளுடைய பேராசிரியருக்கு யாரோ எங்கள் வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி வந்த பெண் நம் வீட்டில் சாப்பிடப்போகிறாள் என்றால் சும்மாவா? பேளுக்குறிச்சி சந்தைக்குப் போய் அவளுக்கென்றே புதுத் தட்டு, புது டம்ளர், ஒரு ஸ்பூன்கூட வாங்கி வந்தேன். முன்னறையில் பிளாஸ்டிக் மேசை போட்டு மேலே பூப்போட்ட துணி விரித்தேன். அவள் தட்டை எங்கள் தட்டுகளோடு கலக்காமல் தனி அலமாரியில் வைத்தேன். அவள் கழுவப் போனால் பிடுங்கி நானே கழுவினேன். இதெல்லாம் மரியாதை என்றுதான் செய்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர்களுக்குக் களி, விருந்தாளிக்கு நெல்லுச்சோறு. வந்தவர்களுக்குக் களியைப் போட்டால், அரிசிக்கு வக்கில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எங்கள் ரத்தத்திலேயே ஊறிப்போனது. அதனால் அவளுக்கு முன்னறையில் சோறு, குழம்பு, ரசம், அப்பளம். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு நானும் வீட்டுக்காரரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து களியும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிடுவோம். கோழி அடித்தால் அவளுக்குத்தான் முதல் துண்டு. புதனும் வெள்ளியும் அவர்கள் மதத்தில் கவுச்சி கூடாதாம். முதல் புதன்கிழமை அது தெரியாமல் கோழி வைத்துவிட்டு, அவள் தொடவில்லை என்று அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். என் குணம் அப்படி.

இரண்டு வருடம் தமிழ்நாட்டில் இருந்ததால் ஓரளவு தமிழ் பேசுவாள். "அக்கா, நீங்களும் வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று தினமும் கூப்பிடுவாள். "நீ சாப்பிடு கண்ணு, நாங்க அப்பறமாச் சாப்பிட்டுக்கறோம்" என்று தினமும் நான் சொல்வேன். ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் பூப்போட்ட துணி விரித்த மேசையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். ஸ்பூனை ஒருநாளும் தொட்டதில்லை.

வீட்டுக்காரர்தான் அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார். கேழ்வரகுக் கதிரை அளந்து நோட்டில் எழுதிக்கொள்வாளாம். ஒருநாள் வந்து சொன்னார்: "ஏம்புள்ள, அவங்க ஊர்லயும் ராகி இருக்குதாம். இதே மாதிரி களி கிண்டி, நடுவுல குழி பண்ணி நெய்யும் மொளகாப்பொடியும் ஊத்தி, ஊட்டுல எல்லாரும் ஒரே தட்டுல சுத்தி உக்காந்து திம்பாங்களாம். ஒருநாளைக்கு நம்ம களியக் குடுத்துப் பாரேன்."

"அது அவங்க ஊர்ல. இங்க வந்தும் அந்தப் புள்ளைக்குக் களியா? நாளைக்கு அவ ஊர்ல போயி நம்மளப் பத்தி என்ன பேசுவா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். அவள் போய் என்ன பேசுவாள் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை.

நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே சமையலறைக்குள் வந்துவிட்டாள். களிச் சட்டி திறந்தே இருந்தது. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சட்டென்று எழுந்து சட்டியை மூடி, அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "இங்கெல்லாம் வரக்கூடாது சாமி, புகை" என்று மேசைக்கே கொண்டுபோய் உட்கார வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் என்னைச் சேர்ந்து சாப்பிடக் கூப்பிடவில்லை. ஒருவழியாக நம் பழக்கத்தைப் புரிந்துகொண்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

ஐந்து வாரம் முடிந்ததும், செம்மேட்டில் அறை கிடைத்திருக்கிறது, பஸ்ஸுக்கு வசதி என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அக்கம்பக்கத்தில் "ஏனுங்க, அந்தப் புள்ள ஏன் போயிருச்சு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பஸ் கதையையே சொன்னேன்.

பத்து நாள் கழித்து செம்மேட்டு வாரச் சந்தைக்கு மிளகு கொண்டுபோனேன். வந்த வேலை முடிந்து பஸ் நிலையம் பக்கம் நடக்கும்போது, ஒரு சின்ன இட்லிக் கடையின் பின்பக்கமிருந்து தெரிந்த குரலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கடைக்கார அம்மாவும் இவளும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே தட்டு. தட்டில் களி. எங்கள் வீட்டில் ஒருநாள்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. மிளகு மூட்டை சுமந்த களைப்பு வேறு. நேரே போய் நின்று, "எங்கூட்டு நெல்லுச்சோறு எறங்கல, இங்க களி எறங்குதாக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். கோபப்படவில்லை. தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, உங்க வீட்டில எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி மேசை. கிச்சனுக்கு வந்தேன், சட்டியை மூடினீங்க. காலேஜ்ல என் பிரெண்ட்ஸ் சொல்லியிருக்காங்க, இங்க சில இடத்துல தனி டம்ளர் கொடுத்தா என்ன அர்த்தம்னு. என் கலர் பார்த்துத்தான்னு நினைச்சேன்."

இல்லை கண்ணு, அது மரியாதை, நாங்கள் களி தின்பதை நீ பார்க்கக் கூடாதென்ற வெட்கம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒருத்தியைத் தீண்டாமல் வைத்திருந்தேன் என்று சந்தையே கேட்டுவிட்டது போல எனக்கு உடம்பு எரிந்தது.

கடைக்கார அம்மா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அட, உக்காருங்கக்கா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். அவளுக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. குனிந்து தட்டிலிருந்து ஒரு சின்ன உருண்டை களியைக் குழம்பில் தொட்டு எடுத்து, என் வாய்க்கு நேரே நீட்டினாள். "அவங்க ஊர்ல பிரியமானவங்களுக்கு இப்படித்தான் ஊட்டுவாங்களாமுங்க" என்றார் அந்த அம்மா.

அவள் கை என் முகத்தருகே வந்தபோது என் தலை தானாகப் பின்னால் போனது. "எனக்குப் பசியில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். திரும்புமுன் கடைசியாக நான் பார்த்தது, அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவளைத்தான்.

தலை ஏன் பின்னால் போனது என்று இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். கோபம், வெட்கம், நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் எல்லாம் இருந்தன. அவள் பயந்தபடி வேறு ஏதாவதும் உள்ளே ஒளிந்திருந்ததா? இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் ஆசை. என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் "அந்தப் புள்ள நம்மளையும் ஒரு சொந்தமா நெனச்சுத்தான் தட்டத் தூக்கிட்டு உள்ள வந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு அடி வாங்கியதைவிட வலித்தது. அப்படியும் வீம்பு போகாமல் ஒரு வாரம் கடத்தினேன். அடுத்த சந்தையன்று களி கிண்டி, அவரைக்காய்க் குழம்பு வைத்துத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். கணக்கெடுப்பு முடிந்து அவள் முந்தாநாளே கல்லூரிக்குப் போய்விட்டாளாம். கடைக்கார அம்மா பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பேராசிரியரின் எண்ணுக்கு, அவளிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லச் சொல்லித் தகவல் அனுப்பினேன். சில நாள் கழித்து அவர் மூலமாகவே பதில் வந்தது. அக்காவின் சாப்பாடு மிகவும் நன்றாக இருந்தது, நன்றி என்று சொன்னாளாம். தங்கிய விடுதியைப் பற்றி எழுதுகிற மாதிரி, குறையே சொல்லாத ஒரு பதில். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

இப்போது எங்கள் அறைக்கு யார் வந்தாலும் சமையலறையில் ஒன்றாகத்தான் சாப்பாடு. களி வேண்டுமென்றால் களி. வந்தவர்கள் மகிழ்ச்சியாகத்தான் போகிறார்கள். ஆனால் பெற்றவர்களை விட்டு அத்தனை தூரம் வந்து, எங்கள் கூரைக்குக் கீழே ஐந்து வாரம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது? அன்று சந்தையில் என் தப்பைச் சரிசெய்ய நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்திருந்தாலே போதும்.