வடக்கிலிருந்து அறுபது பாகை

ஞானாம்பிகை டீச்சருக்குப் பாடசாலையில் நெருக்கமானவர்கள் என்று ஒருவரும் இருக்கவில்லை. அவரும் யாரையும் தேடிப் போகவில்லை. உக்குவளையில் ரயில் பாதையோரம் இருந்த அந்தத் தமிழ்ப் பாடசாலையில் அவர் கணிதம் படிப்பித்தார். பிந்தி வரும் ஆசிரியரைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டுவிடுவார். வாயில் வந்ததை வடிகட்டிப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

பிறந்தது சாவகச்சேரியில். தகப்பனாருக்கு மாத்தளைத் தபால் கந்தோரில் வேலை கிடைத்தபோது அவர் கைக்குழந்தை. வளர்ந்தது, படித்தது, பேசப் பழகியது எல்லாம் மாத்தளையில்தான். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவர்களுடைய வீட்டைக் காடையர்கள் எரித்தார்கள். அதற்குப் பிறகு தாயும் தகப்பனும் வடக்கே போனார்கள். "நீயும் வா" என்று அழைத்தார்கள். "நான் ஏன் போகணும்? எரிச்சவன் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நகரத்தில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார். கல்யாணம் கட்டவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அவருடைய எட்டாம் வகுப்பில் மஸீனா என்றொரு பிள்ளை இருந்தாள். காது சரியாகக் கேட்காது. கண்டியில் கிளினிக்கில் கொடுத்த காது மெஷின் ஒன்று கழுத்தில் தொங்கும். ஆனால் அதை அவள் போடுவதில்லை. ஒருநாள் டீச்சர், "முப்பதை ஐந்தால் வகுத்தால்?" என்று கேட்டார். மஸீனா எழுந்து "அறுபது" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த கணமே அவருக்கு ஒன்று உறைத்தது. முந்நூறை ஐந்தால் வகுத்தால் அறுபது. பிள்ளைக்குக் கணக்குத் தெரிகிறது. கேள்விதான் தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"மெஷினைப் போட்டா என்ன?" என்று இடைவேளையில் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

"போட்டா எல்லாம் சத்தமாக் கேக்குது டீச்சர். பக்கத்து வகுப்பு, ரயில், தகரத்துல மழை. உங்க சத்தம் மட்டும் கேக்காது."

அது உண்மைதான். அந்தப் பாடசாலையில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஒரே நீண்ட மண்டபம். இடுப்பளவு தடுப்பு மட்டும்தான். நான்கு வகுப்புகளில் நான்கு ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் வென்று கத்திக்கொண்டிருப்பார்கள். மெஷின் அத்தனையையும் அள்ளி அந்தப் பிள்ளையின் காதில் கொட்டியது.

ஓய்வறையில் இதைச் சொன்னபோது, "செவிட்டுப் பிள்ளையைச் செவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. மத்தப் பிள்ளைகளோட நேரம் ஏன் வீணாகணும்?" என்றார் ஒருவர். மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஸீனாவின் தாய் ஸுபைதாவுக்கு அந்த யோசனை புதிதல்ல. "அங்க எல்லாம் சிங்களத்துலதானாம் டீச்சர். விடுதியில வேற விடணுமாம். எங்கட புள்ள பேசுற பாஷையையும் மறந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

ஞானாம்பிகை டீச்சர் நேரே ஹுசைன் என்பவரின் ரேடியோ திருத்தும் கடைக்குப் போனார்.

"சத்தத்தைக் கூட்டுறது பிரச்சினையில்ல" என்றார். "என் வாய்க்கும் அவ காதுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் பிரச்சினை. அதை இல்லாம ஆக்கணும்."

ஹுசைன் முன்பொரு கூட்டத்துக்காக வயர் இல்லாத மைக் ஒன்று செய்திருந்தார். சிறிய சுற்று, ஒரு பெட்டரி, ஒரு சாண் கம்பி. அதில் பேசுவது, எஃப்.எம். ரேடியோவை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் திருப்பினால் கேட்கும். அதே மாதிரி ஒன்றை டீச்சரின் சேலையில் குத்திக்கொள்ளும் அளவுக்குச் செய்து கொடுத்தார். மஸீனாவுக்குச் சட்டைப்பை ரேடியோ ஒன்றும் காதில் வைக்கும் குமிழும். "தூரம் போகாது டீச்சர், வகுப்புக்குள்ளதான்" என்றார்.

பாடசாலை அதிபர் சபாரத்தினத்திடம் காட்டியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வாயால சொல்லி விளங்காதது இதால விளங்குமா டீச்சர்? சரி, என்னமோ செய்யுங்க. எனக்குத் தலையிடி வராமப் பாத்துக்கங்க." அவரும் வடக்கிலிருந்து வந்தவர். ஓய்வூதியம் வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணம்.

மைக் வேலை செய்தது. முதல் நாள் மஸீனா குமிழைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு இருந்தாள். சில நாட்களில் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசினாலும் அவள் எழுதத் தொடங்கினாள். ஒரு தவணை முடிவதற்குள், "டீச்சர், நீங்க சொன்னதும் எழுதினதும் வேற வேற" என்று எழுந்து நின்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். "அப்ப நீ சொன்னதுதான் சரி, உட்காரு" என்றார் டீச்சர். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு எந்தப் பிள்ளைக்கும் கிடைத்ததில்லை.

தொண்ணூற்றெட்டு ஜனவரி இறுதியில் கண்டியில் குண்டு வெடித்தது. மாத்தளைச் சாலையெங்கும் சோதனைச் சாவடிகள் முளைத்தன. பஸ்ஸில் தமிழில் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானாம்பிகை டீச்சரை நாள்தோறும் இறக்கி, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் நல்ல சிங்களத்தில், "நேற்றும் இதே அட்டைதான், இன்றும் இதே ஆள்தான்" என்று சொல்வார். அது அவருக்கு உதவவில்லை.

அந்த வாரங்களில் ஒன்பதாம் வகுப்புக்கு அவர் எடுத்த பாடம் திசைகோள். வடக்கிலிருந்து எத்தனை பாகை திரும்பி, எவ்வளவு தூரம் போனால் எங்கே நிற்போம் என்று கண்டுபிடிக்கும் கணக்கு. பாடசாலை வாசலுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் கிரிக்கெட் கேட்பதற்காக ரேடியோவைத் திருப்பினார். ஹுசைன் நினைத்ததைவிட மைக் தூரம் போயிருந்தது. ஒரு பெண் குரல், தமிழில்: "வடக்கிலிருந்து அறுபது பாகை. அங்கேயிருந்து எட்டுக் கிலோமீட்டர். புள்ளியைக் குறிச்சாச்சா? குறிச்சவங்க கை தூக்குங்க." கடைக்காரருக்குத் தமிழ் அரைகுறை. வடக்கு என்பது விளங்கியது, கிலோமீட்டர் விளங்கியது. அவர் பொலிசுக்கு ஆள் அனுப்பினார்.

ஜீப் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. துப்பாக்கியோடு மண்டபத்துக்குள் வந்தவர்கள் முதலில் எல்லாப் பிள்ளைகளையும் கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். மஸீனாவுக்கு அவர்கள் சொன்னது கேட்கவில்லை. காதில் குமிழோடும் மடியில் ரேடியோவோடும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒருவன் அவள் காதிலிருந்து வயரைப் பிடுங்கி இழுத்தான். டீச்சர் அவன் கையைத் தட்டிவிட்டார். அதற்காக அவரைக் கன்னத்தில் அடித்தார்கள், அவர் படிப்பித்த பிள்ளைகளுக்கு முன்னால்.

அதிபர் தமது அறையிலிருந்து வெளியே வந்தார். "இந்தக் கருவியைப் பற்றித் தெரியுமா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் தெரியாது, மாத்தயா" என்றார் சபாரத்தினம் சிங்களத்தில். "நான் அனுமதி கொடுக்கவில்லை."

ஞானாம்பிகை டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்தார்.

பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி அமைதியான மனிதர், சத்தம் போடவில்லை. மைக்கை மேசையில் வைத்து, பென்சிலால் தள்ளிப் பார்த்தார். "வடக்கில் யாருக்குச் சொன்னாய்?"

"ஒன்பதாம் வகுப்புக்கு."

"பிறந்த இடம் சாவகச்சேரி."

"என்னைக் கேட்டுப் பெற்றெடுக்கவில்லை."

அந்தப் பதிலுக்காக அவரை நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். மறுநாள் ஸுபைதா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். யாரும் அவரை வரச்சொல்லவில்லை. அவருடைய வீட்டார் போகவே கூடாது என்று தடுத்தார்களாம். "ஐயா, இது எங்கட புள்ளட காதுக்குச் செஞ்சது. வேணுமெண்டா சோதிச்சுப் பாருங்க" என்று தமக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

பொறுப்பதிகாரி ஒப்புக்கொண்டார். மஸீனாவை முற்றத்தின் கோடியில் நிறுத்தி, ரேடியோவைக் கையில் கொடுத்தார்கள். டீச்சர் உள்ளறையிலிருந்து மைக்கில் ஒரு கணக்கைச் சொன்னார். பிள்ளை அழுதுகொண்டே விடையைச் சொன்னாள். சரியான விடை.

ஸுபைதாவின் முகம் மலர்ந்தது. "கண்டீங்களா ஐயா?"

"கண்டேன்" என்றார் பொறுப்பதிகாரி. "சுவரைத் தாண்டிக் கேட்கிறது. அப்படியென்றால் இது ஒலிபரப்பும் கருவிதான்." மைக்கைக் காகித உறைக்குள் போட்டு முத்திரை வைக்கச் சொன்னார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் டீச்சரைத் தடுத்து வைத்தார்கள். மைக்கைச் செய்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "கண்டியில் வாங்கினேன், கடை ஞாபகமில்லை" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹுசைன் அன்றைக்கே கடையை மூடிவிட்டுத் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் தமையனிடம் போய்விட்டார். பாடசாலையிலிருந்து ஒருவரும் டீச்சரைப் பார்க்க வரவில்லை. ஒரு மழைக்காலமும் தாண்டிய பிறகுதான் வழக்கு நீதவானுக்கு முன்னால் ஒழுங்காக எடுக்கப்பட்டது. வழக்கறிஞர் ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் திறந்து, கடைக்காரர் கேட்ட அதே பயிற்சியைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து வாசித்தார். நீதவான் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விடுதலை செய்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மைக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

வாடகை அறைக்குப் போனபோது அவருடைய சாமான்கள் வெளியே கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன, மழையில் நனைந்திருந்தன. வீட்டுக்காரி கதவைத் திறக்காமலே, "எங்களுக்கும் பொம்புளப் பிள்ளைங்க இருக்காங்க" என்றார். பாடசாலைக்குப் போனபோது அதிபர் உட்காரச் சொல்லவில்லை.

"வலயக் கந்தோருக்குப் போங்க டீச்சர். இங்க வேற ஆளைப் போட்டாச்சு. பெற்றோர் விரும்ப மாட்டாங்க."

"பெற்றோரா, நீங்களா?"

"எனக்கும் குடும்பம் இருக்குங்க."

"எனக்கு இல்லைன்னுதானே சேர் என்னைக் காட்டிக் குடுத்தீங்க?"

வலயக் கல்விக் கந்தோரில் அவருக்கு ஒரு நாற்காலி மட்டும் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. காலையில் போய் உட்காருவார். மாலையில் எழுந்து வருவார். எழுதுவினைஞர்கள் அவரைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஆனால் அவர் சும்மா உட்காரவில்லை. பணிப்பாளர் எப்போது அறையை விட்டு வெளியே வந்தாலும் எதிரே போய் நின்று, "நீதிமன்றம் விட்டுவிட்டது, நீங்கள் எப்போது விடுவீர்கள்?" என்று கேட்பார். கூட்டத்துக்குப் போகும் வழியிலும் கேட்டார், விருந்தினர்களுக்கு முன்னாலும் கேட்டார். கடைசியில் தொல்லை தாங்காமல் பணிப்பாளர் அவரைப் பழைய பாடசாலைக்கே திருப்பி அனுப்பினார்.

மஸீனா அப்போது பத்தாம் வகுப்பு. கடைசி வாங்கில் மெஷினும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஞானாம்பிகை டீச்சர் ஒரு பழைய கெசெட் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பதியும் பொத்தானையும் இடைநிறுத்தும் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால், மைக்கில் பேசுவது காதுக் குமிழில் கேட்கும். நீளமான வயர் ஒன்றைத் தாமே ஒட்டிச் சேர்த்திருந்தார். காற்றில் ஒன்றும் போகாது. எந்தக் கடைக்காரருக்கும் எதுவும் கேட்காது.

"இந்தா, போடு" என்று குமிழை நீட்டினார்.

"எனக்கு வேணாம்."

"என்ன?"

"வேணாம்!" மஸீனா கத்தினாள். தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியாது, மண்டபமே அடங்கிப்போனது. "உங்களாலதான் என்னைப் பொலிசுல நிப்பாட்டினாங்க. என்னைப் புலி ரேடியோன்னு கூப்பிடுறாங்க. நீங்க உள்ள இருந்தீங்க. நான் இங்கதானே இருந்தேன்!"

ஞானாம்பிகை டீச்சர் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடி வாங்கிய அன்றுகூட அவர் அப்படிப் பின்வாங்கியதில்லை. சிறையில் இருந்த நாளெல்லாம் தமக்கு நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் இதே மண்டபத்துக்கு வந்து உட்கார வேண்டியிருந்ததை அவர் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

வயரைச் சுருட்டி மேசையில் வைத்தார். அன்று பாடத்தை வழக்கம்போலக் கத்தியே நடத்தினார்.

ஒரு வாரம் கழித்து மஸீனா தானாகவே மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "கணக்குக்கு மட்டும் போடுறேன். முன்னுக்கு வரமாட்டேன். என்ட இடத்துலதான் இருப்பேன். வயரை யாருக்கும் தெரியாம ஓரத்தால கொண்டு வாங்க."

"சரி" என்றார் டீச்சர். "வேற?"

"யாராவது என்னைப் புலி ரேடியோன்னா நீங்க அடிக்கணும்."

"அடிக்க மாட்டேன். ஆனா சொன்னவன் அதுக்கப்புறம் சொல்ல மாட்டான்."

வயரைச் சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோனார்கள். அதை யாரோ வெட்டினார்கள். டீச்சர் ஒட்டினார். மறுபடியும் வெட்டினார்கள். ஒருநாள் வெட்டுப்பட்ட நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு முன்னால் நின்று, "வெட்டுறவன் வெட்டட்டும். நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் ஒட்டுவேன். எனக்கு வேற வேலை இல்ல" என்றார். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை வெட்டினார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கெட்ட பேர் சொல்லிக் கூப்பிட்டவன் யார் என்று டீச்சர் கண்டுபிடித்ததும், அந்தத் தவணை முழுக்க அவனை எழுப்பி எழுப்பிக் கரும்பலகையில் கணக்குச் செய்ய வைத்ததும் எல்லாருக்கும் தெரியும்.

மஸீனா சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றாள். தமிழில் சாதாரண சித்திதான், விஞ்ஞானத்தில் தவறிவிட்டாள். அந்தப் பாடங்களுக்கு யாரும் மைக் பிடிக்கவில்லை. பெறுபேறு வந்த அன்று ஸுபைதா வட்டிலப்பம் செய்துகொண்டு வந்தார். ஓய்வறையில் இருந்தவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார். ஞானாம்பிகை டீச்சர் மறுத்துவிட்டார். பாத்திரத்தை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.