நிச்சயதார்த்தத்தில் இரண்டு ராகம்

மஞ்சக்குட்டையில் எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தாலும் பாட்டு எடுப்பது என் அப்பாதான். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதி வேலை வாங்கும் ரைட்டர் வேலை; ஆட்களை அதட்டிப் பழகிய குரல். அவர் எடுத்த ராகத்தில் ஊரே பாடும். வேறு ராகம் உண்டென்றே எங்களுக்குத் தெரியாது.

என் நிச்சயதார்த்தத்துக்குச் சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், சபைதான் வேறு. எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. சபை எதுவானால் என்ன என்றிருந்தேன்.

பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டு, "பொண்ணூட்டுக்காரங்க ஒரு பாட்டு எடுங்க" என்றார். அப்பா எடுத்தார். அந்தக் கீர்த்தனை அவர்களுக்கும் தெரியும். ஆனால் ராகம் வேறு. இரண்டு பக்கமும் கண்ணை மூடிக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் பாடினார்கள். நாங்கள் முதலில் முடித்துவிட்டோம். அவர்களுக்கு இன்னும் ஒரு சரணம் பாக்கி இருந்தது. மரியாதையாகக் காத்திருந்தோம்.

"ஏனுங்க, இதோட ராகம் இது இல்லீங்களே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எங்க கோயில்ல இதுதானுங்க" என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் மாமா ஆதாரம் காட்ட ஃபோனை எடுத்தார். எங்கள் வீட்டில் எந்த மூலையிலும் சிக்னல் கிடையாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஒரு பாட்டுக்கே ஒத்துவரலீன்னா அப்பறம் எப்படீங்க?" என்று ஃபோனைப் பைக்குள் போட்டார் மாமா. பாழாய்ப்போன ராகத்தால் என் கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது.

"மறுக்கா மொதல்ல இருந்து பாடிரலாமுங்க" என்று பாஸ்டர் சமாளித்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு அதே ராகத்தில் எடுத்தார். அவர்களும் சளைக்காமல் தங்கள் ராகத்தில் ஆரம்பித்தார்கள்.

நிச்சயதார்த்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நான் நிமிர்ந்து, அவர்கள் ராகத்தில், சத்தமாகப் பாடினேன். பாதி தப்பு. கேசரித் தட்டோடு நின்ற அம்மா சேர்ந்துகொண்டாள். பிறகு எங்கள் சனம் ஒவ்வொருவராக மாறினார்கள். அப்பா ஒரு அடி தனியாகப் பாடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் தலையில் பூ வைத்தார். "மோதிரத்த மாத்திக்கலாமுங்களா?" என்று பாஸ்டர் அப்பாவைக் கேட்டார்.

"இனி எதுக்குங்க மோதிரம்? புள்ளதான் இப்பவே அவங்க ஊட்டுக்குப் போயிருச்சே" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.