ஊசி போடாத மாடு

எங்கள் மாட்டின் காதில் நம்பர் போட்ட மஞ்சள் தோடு மாட்டக் கால்நடை உத்தியோகத்தர் வந்த அன்று, என் கணவர் வீட்டில் இருந்தார். அவருடைய பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு செத்துப்போன மாமனார் பெயரில், கரண்ட் பில் மாமனார் பெயரில். மாடு கணவர் பெயரில் இருப்பதில் என்ன புதுமை?

அடுத்த மாதமே அவர் கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் வேலை. மாடு என்னோடு இருந்தது. விடியும் முன் பால் கறந்து, ரோட்டோரம் வரும் பால் வண்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவேன். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போது தலையில் புல்லுக்கட்டு இருக்கும். மழை நாளில் அந்தக் கட்டு இரண்டு பங்கு கனக்கும். அந்தச் செவலை மாடு என் கால் சத்தம் கேட்டாலே பட்டிக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். அது சினையானதை முதலில் கண்டதும் நான்தான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு மாடு இருந்தது. கணவர் இறந்த பிறகு அவர் அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இருவரும் ஒரே மலையில் கொழுந்து எடுப்போம், ஒரே தண்ணீர்க் கானோரத்தில் புல் அறுப்போம்.

மாடுகளுக்குக் கோமாரி நோய் வராமலிருக்க ஊசி போட வருகிறார்கள் என்ற செய்தி எங்கள் இருவருக்கும் அன்று காலை பெரட்டில்தான் தெரிந்தது. கோயில் கூட்டத்தில் தலைவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு ஆண்கள்தான் போவார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னால் பெண்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு வீட்டிலும் சொல்ல ஆள் இல்லை.

நான் வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன்.

"ஐயா, மாட்டுக்கு ஊசி போட வாறாங்களாம். கொஞ்சம் போயிட்டு ஓடி வந்துர்றேன்."

"எல்லாரும் இப்பிடிக் கேட்டா மலைக்கு யாரு போறது? சரி, நீங்க ஒரு ஆளு போங்க. சுருக்கா வந்துரணும்."

அக்கா என் கையைப் பிடித்தார். "நீ போ. முடிஞ்சா என் மாட்டையும் ஓட்டிட்டுப் போயிரு."

இரண்டு மாட்டை ஒருத்தி ஓட்ட முடியாது. முதலில் என்னுடையதைக் கொண்டுபோய் முடித்துவிட்டு, திரும்பி வந்து அக்காவின் மாட்டை ஓட்டிப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

விளையாட்டுத் திடலில் ஆண்கள் மாடுகளோடு வரிசையாக நின்றார்கள். ஊசி போடுபவர் நல்ல மனிதர்தான். தமிழ் நன்றாகப் பேசினார். என் முறை வந்ததும் மாட்டின் வயிற்றைப் பார்த்தார்.

"சினையா? எத்தன மாசம்?"

"ஆறு முடியப் போகுதுங்க."

"போடலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா பிறகு எதாவது காரணத்தால கன்னு விழுந்தாக்கூட எங்க தலையிலதான் போடுவாங்க. மாடு யாரு பேர்ல?"

"வீட்டுக்காரர் பேர்ல. அவரு கொழும்புல."

"அப்ப அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கம்மா."

"நான்தாங்க மாட்டப் பாக்குறேன். நீங்க போடுங்க."

"பாக்குறது நீங்கதான். சொந்தக்காரர் அவருல்ல?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். மாட்டை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். கணவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் முதலாளி போனை வாங்கி வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தேன். மாடு வெயிலில் மூச்சு வாங்கியது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஊசி மருந்து இருந்த ஐஸ் பெட்டியை மூடும் நேரத்தில் கணவர் எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"ஊசியா? சினை மாட்டுக்கா? வேணாம் புள்ள. கன்னு விழுந்துரும்னு இங்க ஒரு ஆளு சொன்னாரு. அடுத்த தடவ பாப்போம்."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்கங்க."

"சொன்னாக் கேளு. நான் வைக்கிறேன், கூப்பிடுறாங்க."

போன் நின்றுவிட்டது. ஊசி போடுபவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. "அடுத்த சுத்துல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கணவர் சம்மதித்துவிட்டார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அக்காவின் மாடு பட்டியில் கட்டியபடியே நின்றது. மலைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். "சரி விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கத் தொடங்கினார்.

கன்று நல்லபடியாகப் பிறந்தது. தாயைப் போலவே செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. என் கணவர் வீடியோ கோலில் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, அன்னைக்குப் போடாதது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது.

கன்று துள்ளத் தொடங்கிய சமயத்தில் தெமோதரைப் பக்கம் கோமாரி வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டது. பிறகு எங்கள் தோட்டத்து டிவிஷனிலும் வந்தது. முதலில் அக்காவின் மாடு தீனி எடுக்கவில்லை. மறுநாள் என் மாட்டின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. நாக்கில் தோல் உரிந்து சதை தெரிந்தது. குளம்பு இடுக்கில் புண். ஒரு காலை ஊன்றினால் மறு காலைத் தூக்கியது. மேல் லயத்தில் ஊசி போட்ட மாடுகள் வழக்கம்போல புல் தின்றன.

அன்று வேலைக்குப் போகாமல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். மாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட வயது குறைந்தவர். சிங்களவர், தெரிந்த தமிழில் பேசினார்.

"மிஸ், இப்பவாச்சும் ஊசி போட ஏலாதா?"

"நோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்டு வேலை இல்லை அக்கா. எனக்கு வரவும் ஏலாது. ஒரு வண்டிதான் இருக்கு, அது வேறே பக்கம் போயிருக்கு." புண்ணுக்கு ஊதா மருந்து தந்தார். சோடா உப்புத் தண்ணீரால் வாயைக் கழுவச் சொன்னார். பிறகு, "குட்டி இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க மிஸ்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "குட்டிய தள்ளிக் கட்டுங்க. பால் குடிக்க விட வேணாம். சின்னக் குட்டிக்கு இது நெஞ்சுக்குப் போகும்." பேனாவை மறுபடி எடுத்து, "அம்மாவுக்கு ஊசி போட்டிருந்தா, சீம்பால்ல குட்டிக்கும் கிடைச்சிருக்கும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவருடைய கண்ணிலும் என்ன செய்வதென்று தெரியாத ஒரு களைப்பு இருந்தது.

நான் வீடு வந்து சேரும்போது அக்கா பட்டி வாசலில் நின்றிருந்தார். நகர்ந்து வழிவிட்டார். கன்று தாயின் மடியடியிலேயே விழுந்து கிடந்தது. குடித்துக்கொண்டே இருந்ததாம், அப்படியே கால் மடங்கி விழுந்ததாம். வாயோரம் பால் நுரை காயாமல் இருந்தது. மாடு புண்ணான நாக்கால் அதை நக்கிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. இருவரும் தேயிலை ஓரத்தில் குழி வெட்டிக் கன்றைப் புதைத்தோம்.

கணவர் அன்று மாலை போனில் கேட்டதும் அழுதுவிட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அழுது முடித்து, "ஊசி போட்டிருந்தா தப்பியிருக்குமே, ஏன் போடாம விட்ட?" என்றார். அந்த அடுப்படி இரைச்சலில் பேசியது அவருக்கு நினைவிலேயே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? "விட்டுப்போச்சுங்க" என்றேன்.

என் மாடு பிழைத்தது. ஆனால் பழைய பால் இல்லை. சின்ன வெயிலுக்கும் நாயைப் போல மூச்சிரைக்கிறது. அக்காவின் மாடு எழவே இல்லை. அவர் பட்டியைப் பிரித்து அதன் கூரைத் தகரத்தைச் சமைக்கும் குசினிக்கு மேல் போட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு வந்த கணவர், உத்தியோகத்தரைத் தேடிப் போய், "இனி எல்லாத்தையும் என் சம்சாரத்துக்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சரி என்றார்களாம். போன வாரம் நான் மேல் மலையில் நின்றபோது கணவரிடமிருந்து போன் வந்தது.

"ஏ புள்ள, இன்னைக்கு ஊசியாமே? காலைல என் நம்பருக்குத்தான் மெசேஜ் வந்திருக்கு, இப்பதான் போன் கையில கெடச்சுது. போட்டியா?"

கீழே திடலைப் பார்த்தேன். ஆண்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வண்டி வளைவைத் தாண்டிப் போய்விட்டது. கூடை பாதிதான் நிறைந்திருந்தது. "இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகினேன்.