மாவு சிந்தாத டிரெய்லர்

சீசனுக்கு ஜீப்புக்குப் பின்னால தோசைக்கடை டிரெய்லரைக் கட்டி தினமும் குற்றாலத்துக்கு இழுத்துட்டுப் போறேன். ஜீப் வேகம் குறைஞ்சா டிரெய்லர் முன்னால தள்ளும். அந்தத் தள்ளுலதான் அதுக்கு ப்ரேக் பிடிக்கும்.

நாலு நாளா பிடிக்கல. ப்ரேக் ஆயில் மாத்தியாச்சு, குழாய்ல நின்ன ஏரையும் எடுத்தாச்சு.

இன்னைக்கு ஐந்தருவி இறக்கத்துல ஜீப்பையே நெட்டித் தள்ளிருச்சு. முன்னால ஒரு குடும்பம் நடந்து போகுது. எப்படி நிப்பாட்டுனேன்னே தெரியல.

தென்காசி மெக்கானிக் ஜீப்பையும் டிரெய்லரையும் கோக்குற கொக்கிப் பக்கம் குனிஞ்சு ஒரு மரக்கட்டையை உருவுனாரு. "அண்ணாச்சி, இந்த இடம் முன்னபின்ன நகந்தாதான ப்ரேக் பிடிக்கும்? யாரு இதைச் சொருகுனது?"

வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"நான்தான். ப்ரேக் போடும்போதெல்லாம் குலுங்கி மாவு சிந்துச்சு. இப்பம் சிந்துதா, பாத்தியளா?"

சிந்தல.

முந்தாநாள் "ஒரு சொட்டு மாவு சிந்தல, நம்ம டிரைவிங் அப்படி"ன்னு இங்கன போட்டேனே, அதுக்கு லைக் போட்டவங்க எல்லாரும் தயவுசெஞ்சு திருப்பி எடுத்துக்கோங்க.